எரிந்த ஏரியின் நீர் எங்கே போகிறது?

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: கடந்த 2018-ம் ஆண்டு ஜனவரி 19-ம் தேதி பெங்களூரு மாநகரின் தென்கிழக்கு விளிம்பில் உள்ள பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றியது. நீர் வற்றிய பரப்பிலும் கரையோரத்திலும் காய்ந்து கிடந்த புல்லும் களைச்செடிகளும் மணிக்கணக்கில் எரிந்தன. சதுப்பு நிலம் என்பதால் தீயணைப்பு வண்டிகளால் உள்ளே இறங்க முடியவில்லை. ஏரியை ஒட்டி ராணுவத்துக்குச் சொந்தமான நிலமும் குடியிருப்பும் இருந்ததால், ஏறத்தாழ 5,000 ராணுவத்தினர் தீயணைப்புப் பணியில் இறக்கப்பட்டனர். நீர்க் குழாய்களைத் தோளில் சுமந்தபடி சேற்றில் நடந்து சென்று அவர்கள் தீயை அணைத்தனர்.

அதிலிருந்து 28-வது நாள், பிப்ரவரி 16-ம் தேதி, தில்லியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தனது தீர்ப்பை வழங்கியது. கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரின் குடிநீர்த் தேவைக்கென்று தனியே குறிப்பிடப்பட்டது. தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது.

இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகளாகவே வெளியாயின. ஒன்று தீ விபத்து; மற்றொன்று நதிநீர்த் தீர்ப்பு. ஆனால் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், கோலார் தங்கவயலின் வாசலாக விளங்கும் பங்காருபேட்டையிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஒரே செய்தியின் இரண்டு பகுதிகள். காவிரியிலிருந்து நகரத்துக்குப் போகும் நீர், வீடுகளில் பயன்பட்டுக் கழிவாகி, பெல்லந்தூர் பள்ளத்தாக்கில் சேர்கிறது. அங்கே ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு வருகிறது. இன்னொரு பகுதி தென்பெண்ணை வழியே ஒசூருக்குப் போகிறது.

நகரத்துக்குள் செல்லும் நீரை ஒவ்வொரு டி.எம்.சி.யாக எண்ணிக் கணக்கிட நீதிமன்றங்களும் ஆணையங்களும் உள்ளன. நகரத்திலிருந்து வெளியேறும் நீருக்கு அத்தகைய கணக்கு இல்லை. பெல்லந்தூரில் எரிந்த தீ, அந்த இல்லாத கணக்கின் விளைவே.

நுரையில் தொடங்கிய தீ

பெல்லந்தூர் ஏரி ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ளது. பெங்களூரின் பெரிய ஏரிகளில் ஒன்று. அதைச் சுற்றியிருந்த கிராமங்கள் நெல்லும் காய்கறியும் பயிரிட்டவை. 2007-ம் ஆண்டில் ஏழு நகராட்சிகளும், ஒரு பேரூராட்சியும், 110 கிராமங்களும் இணைக்கப்பட்டு பெங்களூரு பெருநகர மாநகராட்சி உருவானது. வெளிவட்டச் சாலையை ஒட்டித் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. கட்டடங்கள் வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. நகரின் மொத்தக் கழிவுநீரில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த ஏரி அமைந்துள்ள பள்ளத்தாக்கில் வந்து சேரும் நிலை ஏற்பட்டது.

முதலில் உலகம் அறிந்தது நுரையை. சலவைத் தூளில் உள்ள வேதிப்பொருள்கள் கழிவுநீருடன் கலந்து, ஏரியின் கலங்கலில் நீர் விழும் இடத்தில் வெண்ணிற நுரையாகப் பொங்கின. காற்றடித்தால் நுரை சாலையில் செல்வோர் மீது பறந்தது. 2015-ம் ஆண்டு மே மாதம் அந்த நுரையே தீப்பற்றி எரிந்தது. நீர் எரியுமா என்று கேட்டவர்களுக்கு நிபுணர்கள் அளித்த விளக்கம் எளிமையானது. அடியில் படிந்த கழிவு காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நீரின் மேல் எண்ணெயும் கொழுப்பும் படர்கின்றன. நுரை இவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு பொறி போதும்.

இரண்டாம் கட்டம் இன்னும் பெரியது. கழிவுநீரில் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரையும் பிற களைகளும் ஏரியை மூடின. அவற்றில் ஒரு பகுதி வெட்டிக் கரையில் போடப்பட்டது. ஒரு பகுதி கோடையில் நின்ற இடத்திலேயே காய்ந்தது. கரையோரத்தில் லாரிகள் குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் கொட்டின. 2017-ம் ஆண்டு பிப்ரவரி 16-ம் தேதி மூண்ட தீ, அடர்ந்த புகையைக் குடியிருப்புகள் மீது பரப்பியது. 2018-ல் ராணுவம் இறங்க நேர்ந்த தீ அதைத் தொடர்ந்து வந்தது.

ஆக, எரிந்தது நீரல்ல. நகரம் தன் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த எரிபொருள் எரிந்தது. வளர்ந்தது கழிவுநீரால், காய்ந்தது வெயிலால், மூண்டது யாரோ வைத்த அல்லது எறிந்த நெருப்பால்.

விளிம்புகள் எல்லாம் ஒரே மாதிரி

இது பெங்களூருக்கு மட்டும் உரிய கதையன்று. 2025-ம் ஆண்டு ஜனவரி 7-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர விளிம்பில் மூண்ட காட்டுத்தீகள் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. 30 பேர் அளவில் உயிரிழந்தனர். பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட காற்று தீயை வீடுகளுக்குள் தள்ளியது. மேட்டுப் பகுதியில் தீயணைப்புக் குழாய்கள் நடுவில் வறண்டு போயின. அந்தப் பகுதிக்கான ஒரு நீர்த்தேக்கம் பழுதுபார்ப்புக்காகக் காலியாக வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. உலகின் செல்வம் மிகுந்த நகரங்களில் ஒன்றுக்கே, தன் விளிம்பில் எவ்வளவு எரிபொருள் சேர்ந்துள்ளது, அதை அணைக்க நீர் எங்கே உள்ளது என்ற இரு கேள்விகளுக்கும் உரிய நேரத்தில் விடை இருக்கவில்லை.

நம் நாட்டில் விளிம்புத் தீ பெரும்பாலும் குப்பைமேட்டில் எரிகிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி தில்லியின் வடக்கே பால்ஸ்வா குப்பைமேட்டில் தீப்பற்றியது. மறுநாள் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்தது. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பல நாள்கள் எரிந்து நகரையே புகையில் மூழ்கடித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு ரூ. 100 கோடி அபராதம் விதித்தது.

இடங்கள் வேறு, அமைப்பு ஒன்று. நகரம் தனக்கு வேண்டாதவற்றைத் தன் எல்லைக்கோட்டில் வைக்கிறது. அது எரியும்போது மட்டும் எல்லைக்கோடு தலைநகரின் கண்ணில் படுகிறது.

தில்லியில் நடந்த விசாரணை

2017-ம் ஆண்டு தீயின் காட்சிகள் வெளியான சில நாள்களில், தில்லி கோபர்நிகஸ் சாலையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்திகளின் அடிப்படையில் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. கர்நாடக அரசு, மாநகராட்சி, பெங்களூரு வளர்ச்சி ஆணையம், குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

அந்தப் பட்டியலைப் பார்த்தாலே நோயின் தன்மை புலப்படும். ஏரியின் பராமரிப்பு வளர்ச்சி ஆணையத்திடம் இருந்தது. ஏரிக்குள் வரும் கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கரையில் விழும் குப்பை மாநகராட்சியின் பொறுப்பு. ஆலைக்கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தீயை அணைப்பது மாநிலத் தீயணைப்புத் துறை. ஒரு பகுதிக் கரை பாதுகாப்புத் துறைக்கு உரியது. ஒவ்வொரு அமைப்பும் தன் பங்கு சிறியது என்று சொல்ல முடிந்தது; அப்படிச் சொன்னது பொய்யும் அன்று. ஆறு பேருக்குச் சொந்தமான ஏரியில் தீயை மட்டும் சொந்தம் கொண்டாட ஒருவரும் முன்வரவில்லை.

2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஏரியைச் சுற்றிச் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைகளை மூடுமாறு தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் ஏரிக்கு வரும் கழிவில் பெரும்பங்கு ஆலைகளுடையதல்ல, வீடுகளுடையது. ஆலையை ஓர் உத்தரவில் மூடலாம். லட்சக்கணக்கான வீடுகளின் கழிவறைகளை மூட முடியாது. அவற்றுக்குத் தேவை குழாயும் சுத்திகரிப்பு நிலையமும். அவை பணமும் ஆண்டுகளும் கேட்பவை.

ராணுவம் இறங்கிய தீ நடந்த அதே ஆண்டின் இறுதியில், 2018 டிசம்பர் 6-ம் தேதி, நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் தலைமையிலான தீர்ப்பாயம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. கர்நாடக அரசுக்கு ரூ. 50 கோடியும் மாநகராட்சிக்கு ரூ. 25 கோடியும் அபராதம் விதிக்கப்பட்டது. ஏரிகளைச் சீரமைக்க ரூ. 500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்குமாறு மாநில அரசுக்குக் கட்டளையிடப்பட்டது. பணிகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

அபராதத்தை விட இந்தத் தனிக் கணக்கு முக்கியமானது. அபராதம் நடந்த தவறுக்கு. தனிக் கணக்கு நடக்க வேண்டிய வேலைக்கு.

ஆனால் தில்லியின் எல்லா உத்தரவுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் அகலத்துக்குக் கட்டடம் எழக்கூடாது என்று 2016-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பாயம் பிறப்பித்திருந்த உத்தரவை, 2019-ம் ஆண்டு மார்ச் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நகர வளர்ச்சித் திட்டத்தில் சட்டப்படி வகுக்கப்பட்ட அளவுகளைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பது அதன் சாரம். சட்டத்தின் பார்வையில் அது சரியாக இருக்கலாம். தீக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்ற கேள்வி மட்டும் மீண்டும் திட்ட வரைபடம் போடுவோரிடமே திரும்பியது.

ஏரி 2020-க்குப் பிறகு புதிய கட்டத்தை அடைந்தது. கழிவுநீரைச் சுற்றுக் கால்வாயில் திருப்பி விட்டு, ஏரியை வற்ற வைத்துத் தூர் வாரும் பணியை வளர்ச்சி ஆணையம் மேற்கொண்டது. அதற்கான கெடு பலமுறை தள்ளிப் போடப்பட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பரில் பழைய மாநகராட்சியே கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகளும் அவற்றுக்கு மேல் பெருநகர பெங்களூரு ஆணையமும் அமைந்தன. தீர்ப்பாயம் அபராதம் விதித்த அமைப்பு பெயரளவில்கூட இன்றில்லை. அதன் பொறுப்புகள் புதிய அமைப்புகளில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைத் தெளிவாக எழுதி வைப்பது மாநில அரசின் முதல் கடமை.

கோலாருக்கு வந்த குழாய்

இனி பங்காருபேட்டைக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டை என்று வழங்கிய இந்த ஊர், சென்னை - பெங்களூரு ரயில் பாதையில் தங்கவயலுக்குக் கிளை பிரியும் சந்திப்பு. தங்கச் சுரங்கங்களில் வேலை செய்ய வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இப்பகுதியில் பெருமளவில் வாழ்கின்றனர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாரிகுப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் அதிகாலை ரயில்களில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகின்றனர். தொழில்நுட்ப வளாகங்களைக் கட்டுவோரிலும் துப்புரவு செய்வோரிலும் காவல் காப்போரிலும் இவர்கள் கணிசமானோர்.

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. மன்னர் காலம் முதல் வெட்டப்பட்ட ஏரிகளே வாழ்வு. மழை பொய்த்து ஏரிகள் வறண்டபோது ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே சென்றன. ஆழம் கூடக்கூட நீரில் ஃபுளோரைடு கூடியது. பற்களிலும் எலும்புகளிலும் அதன் தாக்கம் இப்பகுதியில் தெரிந்த செய்தியே.

இந்த நிலையில்தான் கோரமங்களா - செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் வந்தது. பெல்லந்தூர் ஏரிக்கு நீர் வந்து சேரும் அதே பள்ளத்தாக்கு அது. அங்குள்ள நிலையங்களில் இரண்டாம் கட்டம் வரை சுத்திகரிக்கப்பட்ட நீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் குழாய் மூலம் ஏற்றி, கோலார் மாவட்டத்திலும் அடுத்த சிக்கபள்ளாபூர் மாவட்டத்தின் சிந்தாமணிப் பகுதியிலும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளில் நிரப்புவதே திட்டம். நேரடியாகக் குடிக்கவோ பாசனத்துக்கோ அல்ல; ஏரியில் நின்று நிலத்தடிக்கு இறங்குவதற்காக. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் கோலார் அருகே லட்சுமிசாகர் ஏரிக்கு முதல் நீர் வந்தது.

ஒரு மாதத்துக்குள் அங்கும் நுரை தெரிந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, நீர் நிறுத்தப்பட்டது. பின்னர் அனுமதி கிடைத்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் வந்தது. அதன்பின் நீர் மீண்டும் ஓடியது.

இத்திட்டத்தால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் தூசி பறந்த ஏரிகளில் நீர் நிற்கிறது. கைவிடப்பட்ட கிணறுகள் பலவற்றில் நீர் ஊறியுள்ளது. காய்கறியும் பட்டும் பாலும் நம்பி வாழும் மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று. அதனால்தான் இங்குள்ள விவசாயச் சங்கங்களின் கோரிக்கை 'நீர் வேண்டாம்' என்பதல்ல. மூன்றாம் கட்டச் சுத்திகரிப்புக்குப் பின் வேண்டும் என்பதே. இரண்டாம் கட்டத்தில் நீரின் அழுக்கும் நாற்றமும் பெருமளவு நீங்குகின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளும் கரைந்துள்ள சில வேதிப்பொருள்களும் முழுமையாக நீங்குவதில்லை. பெல்லந்தூரில் ஆகாயத்தாமரையை வளர்த்தது இந்தச் சத்துகளே. அதே சத்துகள் கோலார் ஏரிகளில் சேர்ந்தால் அங்கும் களை வளரும்; களை காயும் காலமும் வரும். நீர் நிலத்தடிக்கு இறங்கி ஆழ்துளைக் கிணறு வழியே குடத்துக்கு வரும் இடத்தில், அதைச் சோதித்துச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும்.

தங்கவயல் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் வெளியே போனது. அதைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சயனைடு மண் குன்றுகளாக ஊருக்குள்ளேயே நின்றது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி இன்றும் வீடுகளில் படிகிறது.

ஒசூருக்குச் செல்லும் நுரை

குழாயில் ஏறாத நீரின் வழி வேறு. பெல்லந்தூர் ஏரியின் உபரி வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணையில் கலக்கிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று அழைக்கப்படும் இந்த ஆறு, தமிழக எல்லையைக் கடந்ததும் ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. மழைக்காலத்தில் அணையின் மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம் ஆற்றில் நுரை மலைபோல் குவிவதைத் தமிழகப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் படம் பிடிக்கின்றன. அந்த நீரே கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகள் வழியாகக் கடலூர் வரை செல்கிறது.

இங்கே பங்காருபேட்டை இன்னொரு முறை வருகிறது. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே, பங்காருபேட்டை வட்டம் யார்கோள் என்னுமிடத்தில் கர்நாடகம் குடிநீருக்காக அணை கட்டியது. கோலார், பங்காருபேட்டை, மாலூர் நகரங்களுக்கான அணை அது. தமிழகம் 2018-ல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2019-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி இடைக்கால மனு தள்ளுபடியானது. நதிநீர்த் தாவா சட்டப்படி நடுவர் மன்றம் கோரலாம் என்று நீதிமன்றம் கூறியது.

தென்பெண்ணை குறித்த பேச்சு எப்போதும் அளவைப் பற்றியது. எவ்வளவு நீர் தடுக்கப்படுகிறது, எவ்வளவு வர வேண்டும் என்பதே வாதம். வருகிற நீர் எப்படிப்பட்டது என்பது அந்த வாதத்தில் உரிய இடம் பெறுவதில்லை. மார்க்கண்டேய நதியின் நல்ல நீர் குறைந்தால், பெல்லந்தூர் வழி வரும் நீரின் விகிதம் ஆற்றில் கூடும். கிருஷ்ணகிரி விவசாயிக்கு இவ்விரண்டும் ஒரே பிரச்னை.

காவிரிக் கணக்கில் விட்டுப்போன வரி

குடிநீருக்காக எடுக்கப்படும் நீரில் 20 சதவீதமே உண்மையில் செலவாகிறது. எஞ்சிய 80 சதவீதம் திரும்பி வருகிறது என்பது காவிரி நடுவர் மன்றம் 2007-ம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் கையாண்ட கணக்கு. அந்த 80 சதவீதம் எங்கே திரும்புகிறது என்பதுதான் கேள்வி. பெங்களூரு நகரின் மூன்றில் ஒரு பங்கே காவிரி வடிநிலத்தில் அமைந்துள்ளது. மேற்குப் பகுதியின் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியில் சேர்கிறது. பெல்லந்தூர்ப் பகுதியின் கழிவு தென்பெண்ணைக்கும் கோலாருக்கும் போகிறது. அதாவது காவிரியிலிருந்து எடுக்கப்பட்டது வேறொரு ஆற்றில் விழுகிறது.

நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பதை ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஐந்தரை டி.எம்.சி.க்கும் சற்று அதிகம். தீர்ப்பில் பெங்களூருக்கென்று குறிப்பிடப்பட்ட 4.75 டி.எம்.சி. என்பது செலவாகும் நீரின் அளவு. இது வெளியேறும் நீரின் அளவு. இரண்டும் வேறு அளவுகோல்கள். எனினும், பல ஆண்டுகள் வழக்காடிப் பெற்ற, இழந்த நீரின் அளவுக்குக் குறையாத நீர் மறுமுனையில் வெளியேறிக் கொண்டிருக்கிறது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்தும். முன்னதற்குக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் உண்டு. பின்னதற்கு எந்த ஆணையமும் இல்லை.

நாடாளுமன்றத்தின் பங்கு

காட்டுத்தீ நாடாளுமன்றத்துக்குப் புதிய பொருளன்று. 2016-ம் ஆண்டு உத்தரகண்ட் காடுகள் எரிந்த பின், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு காட்டுத்தீ குறித்து ஆராய்ந்து அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் பலியாயினர். அதே ஆண்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டுத்தீக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு வனத்துறையினருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது.

ஆனால் இவை அனைத்தும் காட்டுக்கானவை. 1976-ம் ஆண்டு முதல் காடு பொதுப் பட்டியலில் உள்ளது. அதற்கென்று துறையும் அதிகாரியும் உண்டு. நகர விளிம்பிலுள்ள வற்றிய ஏரி காடு அல்ல. நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. தீயணைப்பு, அரசமைப்பின் 12-வது அட்டவணைப்படி நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணி. மாசுத் தடுப்பு 1974-ம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் வருகிறது. சதுப்பு நிலங்களுக்கு 2017-ம் ஆண்டு செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. குடிநீர், பாசனத்துக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகள் அவற்றின் வரம்புக்கு வெளியே விடப்பட்டன. தென்னிந்தியாவின் ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் வெட்டியவையே.

அவையில் கேள்வி எழுப்பும் உறுப்பினர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, 'இது மாநில அரசின் பொறுப்பு' என்பது. பெல்லந்தூரைப் பொறுத்தவரை அவ்விடை போதாது. இதன் நீர் ஒரு மாநிலத்தில் எடுக்கப்பட்டு, இன்னொரு மாநிலத்துக்குச் செல்கிறது. தீயை அணைத்தவர்கள் மத்திய அரசின் ராணுவத்தினர். வழக்கை நடத்தியது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆறு 1969-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி எரிந்தது. அரை மணி நேரம் அளவிலேயே அந்தத் தீ அணைக்கப்பட்டது. அதற்கு முன்பும் அந்த ஆறு பலமுறை எரிந்ததுண்டு. ஆனால் இம்முறை நகர மேயர் கார்ல் ஸ்டோக்ஸ், ஆற்றின் கரைக்குச் செய்தியாளர்களை அழைத்துச் சென்று, இது ஒரு நகரம் மட்டும் தீர்க்கக் கூடிய பிரச்னை அல்ல என்று வாதாடினார். நாடெங்கும் எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1972-ல் அந்நாட்டின் நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. அரை மணி நேரத் தீ அங்கே ஒரு சட்டத்துக்கு வழி வகுத்தது. பெல்லந்தூர் அதைவிட நீண்ட நேரம் எரிந்தது.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, பெருநகர விளிம்பிலுள்ள ஒவ்வொரு ஏரிக்கும் கழிவு, குப்பை, தீ ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்லும் ஒரே அதிகாரியைப் பெயர் சொல்லி நியமிப்பது. இரண்டாவது, கோலாருக்கு அனுப்பும் நீருக்கு மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பை நிபந்தனையாக்கி, சோதனை முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கிராமம்தோறும் வெளியிடுவது. மூன்றாவது, தென்பெண்ணைப் பேச்சுவார்த்தையில் நீரின் அளவோடு தரத்தையும் சேர்ப்பது. நான்காவது, காட்டுத்தீக்கான செயல்திட்டத்திலும் எச்சரிக்கை முறையிலும் நகர விளிம்புச் சதுப்புகளையும் வற்றிய ஏரிகளையும் கொண்டு வருவது. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

பெங்களூரு வளர வேண்டும் என்பதில் பங்காருபேட்டைக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதிகாலை ரயிலில் அந்நகருக்குப் போகிறவர்களின் பிழைப்பே அந்த வளர்ச்சியில்தான் உள்ளது. அவர்கள் கேட்பது, நகரத்துக்குள் போகும் நீருக்கு உள்ள கணக்கு, வெளியே வரும் நீருக்கும் வேண்டும் என்பது மட்டுமே. அந்தக் கணக்கு எழுதப்படும் வரை, ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி பிறந்து புல் காயத் தொடங்கும்போது பெல்லந்தூர்க் கரையில் தீயணைப்பு வண்டி ஒன்று தயாராக நிற்க வேண்டியிருக்கும்.